கோயில் தூணும் ரொட்டித்தூளும்: சிராகூசாவில் ஐந்து நாட்கள்

இத்தாலியின் சிராகூசா நகரப் பேராலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முன்வாசலுக்குப் போவதற்கு முன் அதன் இடப்பக்கத்துச் சந்துக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். 18-ஆம் நூற்றாண்டில் வெண்சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய பரோக் பாணி முகப்பு மிகவும் அழகானது. ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டால், இது ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் என்ற முடிவுக்கு மனம் வந்துவிடும். மினர்வா தெரு என்ற அந்தச் சந்தில் நின்றால் கதை வேறு. ஆலயத்தின் வெளிச்சுவருக்குள் பாதி புதைந்தும் பாதி வெளியே புடைத்தும் பருத்த கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவை இன்றைக்கு ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் தூண்கள்.

என்னுடன் வந்திருந்த அக்கா ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றாள். தூணின் செங்குத்தான வரிப்பள்ளங்கள் கைபட்டுக் கைபட்டு மழுங்கியிருந்தன. சில இடங்களில் கல் உப்புக்காற்றில் அரித்துத் தேன்கூடு போல் ஆகியிருந்தது. "இதை இடிச்சிட்டுக் கட்டியிருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டாள். அவள் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் அடுத்த நான்கு நாட்களும் நாங்கள் இந்த ஊரைச் சுற்றினோம்.

சிசிலித் தீவின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது சிராகூசா. ஆங்கில நூல்களில் சைரகூஸ் என்று படித்திருப்பீர்கள். ஆர்க்கிமிடீஸ் பிறந்து, வாழ்ந்து, கி.மு. 212-இல் ரோமானியப் படைவீரன் ஒருவனால் கொல்லப்பட்ட ஊர் இதுதான். கொரிந்து நகரிலிருந்து வந்த கிரேக்கக் குடியேறிகள் இதை கி.மு. 734-ஐ ஒட்டி நிறுவினார்கள் என்பது மரபு. அவர்கள் முதலில் இறங்கிய ஓர்த்தீஜியா என்ற சின்னஞ்சிறு தீவுதான் இன்றும் பழைய நகரம். பாலங்கள் அதைச் சிசிலியின் பெருநிலத்தோடு இணைக்கின்றன. வடக்கே இருக்கும் கத்தானியா நகரிலிருந்து ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். நாங்கள் அக்டோபரில் போனோம். வெயில் தணிந்திருந்தது, கூட்டமும் குறைவு. அக்கா முட்டைகூடச் சாப்பிடாத சைவம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் பாதி அதனால் வந்தது.

பேராலயத்துக்கே திரும்பி வருகிறேன். கி.மு. 480-இல் ஹிமேரா என்ற இடத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜியர்களை வென்ற கெலோன் என்ற ஆட்சியாளன் அந்த வெற்றிக்குப் பின் இக்கோயிலைக் கட்டினான். கிரேக்கக் கோயில் என்றால் நடுவே சுவர்களால் அடைத்த கருவறை; அதைச் சுற்றி நான்கு புறமும் திறந்த தூண் வரிசை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இதை ஆலயமாக மாற்றியவர்கள் இரண்டே வேலைகளைத்தான் செய்தார்கள். வெளித்தூண்களுக்கு இடையே இருந்த வெளியைக் கல் வைத்து அடைத்தார்கள்; அது ஆலயத்தின் புறச்சுவராயிற்று. கருவறையின் இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாக வளைவு வளைவாக வெட்டித் திறந்தார்கள். அது ஆலயத்தின் நடுமண்டபமாயிற்று. திறந்திருந்ததை மூடி, மூடியிருந்ததைத் திறந்ததில், புதிதாக ஒரு கட்டடமே எழுப்பாமல் வழிபாட்டுக்கான இடம் கிடைத்துவிட்டது. கி.பி. 878-இல் அரேபியர்கள் நகரைப் பிடித்தபின் அது மசூதியாக இருந்தது. நார்மானியர்கள் வந்ததும் மீண்டும் ஆலயமானது. 1693 ஜனவரியில் இப்பகுதியையே புரட்டிப்போட்ட பெரும் நிலநடுக்கத்தில் பழைய முகப்பு போயிற்று, அதனால்தான் இந்தப் புதிய முகப்பு. தூண்கள் மட்டும் அதையும் தாங்கி நின்றுவிட்டன.

உள்ளே போனால், பக்க வழியில் அந்தத் தூண்களுக்கு அருகிலேயே நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கம்பளிச் சட்டை அணிந்த ஒரு மூதாட்டி, முதுகைக் கிரேக்கத் தூணில் சாய்த்துக்கொண்டு, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். தூணின் அகலம் அவர் தோளைவிடப் பெரிதாக இருந்தது. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு பொருள், இங்கே ஒருவர் முதுகு சாயும் இடமாக இருக்கிறது. எனக்கு அதுவே பெரிய மரியாதையாகத் தோன்றியது.

முதல் நாள் சாப்பாட்டு விஷயத்தில் தவறு செய்தோம். பேராலயத்தில் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டு மூன்று மணிக்கு மேல் உணவகம் தேடினால், ஒவ்வொரு கதவும் மூடிக் கிடந்தது. இங்கே மதிய உணவு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். மறுபடி அடுப்பு பற்றவைக்க இரவு ஏழரையாவது ஆகும். நடுவில் ஊரே உறங்குகிறது. பசியோடு நடந்து போய்ப் பழக்கடை ஒன்றின் முன் நின்றோம். அங்கே முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளிப் பழங்கள் இருந்தன. அக்டோபர் அதற்கு நல்ல பருவம். மஞ்சள், சிவப்பு, வெளிர்பச்சை என மூன்று நிறத்திலும் வாங்கி, கடற்சுவரில் உட்கார்ந்து தின்றோம். விதை நிறைந்த பழம்தான். பசிக்கு அமிர்தமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டோம். ஓர்த்தீஜியாவின் சந்தை, அப்பல்லோ கோயிலின் இடிபாடுகளை ஒட்டிய தெருவில் காலை முதல் மதியம் வரை நடக்கிறது. அந்தக் கோயில் இன்னும் பழையது, கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதுவும் ஆலயமாக, மசூதியாக, மீண்டும் ஆலயமாக, கடைசியில் ஸ்பானியப் படைவீரர்களின் முகாமாகக்கூட இருந்திருக்கிறது. சந்தையில் மீன்தான் முதல் காட்சி: வாள்மீனின் தலையை மூக்கு வானை நோக்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; பக்கத்தில் மத்தி, நெத்திலி, சிவப்பு இறால். அதைக் கடந்தால் பக்கீனோ ஊரின் சிறு தக்காளிகள், உப்பிட்ட கேப்பர் மொட்டுகள், வெயிலில் காய்ந்த தக்காளி வற்றல், ஆவோலா பாதாம், கத்தரிக்காய்க் குவியல்.

அக்காவுக்குப் பிடித்துப்போனது கப்பொனாத்தா. கத்தரிக்காயைத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, வெங்காயம், செலரித் தண்டு, தக்காளி, பச்சை ஆலிவ், கேப்பர் சேர்த்து, கடைசியில் வினிகரும் சர்க்கரையும் விட்டுப் புரட்டி எடுப்பது. சூடாகச் சாப்பிடுவதில்லை, ஆறவைத்து, கூடுமானால் ஒரு நாள் ஊறவிட்டுச் சாப்பிடுகிறார்கள். புளிப்பும் இனிப்பும் சம அளவில் நாக்கில் நிற்கும். கத்தரிக்காயைக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள்; அது அவர்களுக்குப் பாரசீகம் வழியாக நம் துணைக்கண்டத்திலிருந்து போனது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆலிவ் கிரேக்கர் காலத்திலிருந்து இந்த மண்ணில் விளைகிறது. பேராலயத்தின் சுவரைப் போலவே அந்தச் சிறு கிண்ணத்திலும் வந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே காய்கறிப் பாஸ்தா என்று பட்டியலில் இருந்தாலும் அதில் நெத்திலி இருக்கக்கூடும். உப்பிட்ட நெத்திலியை எண்ணெயில் இட்டு மெதுவாகச் சூடாக்கினால் அது முழுவதும் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, சுவை மட்டும் நிற்கும். சமைப்பவர்களுக்கு அது உப்பைப் போல, அதனால் மீன் என்று எண்ணிச் சொல்வதில்லை. "சென்ஸா அச்சூகே", அதாவது நெத்திலி இல்லாமல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து அக்கா உட்கார்ந்தவுடன் இதைத்தான் முதலில் சொன்னாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. உணவகங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் தனியாக வரும்; அது ஏமாற்று அல்ல, பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அவருக்கு இத்தாலிய மொழி மட்டுமே தெரியும். எங்களுக்குக் கைபேசியின் மொழிபெயர்ப்பும் கையசைவும். மூன்றாம் நாள் மாலை எங்களைத் தம் சமையலறைக்கு அழைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதில் மிஞ்சிய ரொட்டித் துண்டுகள் கல்லாகக் காய்ந்திருந்தன. சிலவற்றை எடுத்துத் துருவியில் தேய்த்துத் தூளாக்கினார். வாணலியில் ஆலிவ் எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு ஒரு பல் போட்டு, தூளைக் கொட்டி, மரக்கரண்டியால் கையை எடுக்காமல் கிளறினார். மணல் நிறத்தில் இருந்தது தேன் நிறத்துக்கு வந்ததும் சட்டென்று தட்டில் கொட்டிவிட்டார். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் கருகியிருக்கும். வேகவைத்த ஸ்பகெத்தியில் எண்ணெயும் மிளகாயும் சேர்த்து, மேலே இந்தத் தூளைத் தாராளமாகத் தூவினார். வழக்கமாக இதில் நெத்திலி உண்டு. அக்காவின் தட்டுக்கு மட்டும் அது இல்லாமல் செய்தார். பாலாடைக்கட்டி வாங்க வசதியில்லாதவர்கள் அதற்குப் பதிலாகத் தூவிக்கொண்டது இந்த மொல்லிக்கா என்று அவர் விளக்கினார். வாயில் போட்டால் மொறுமொறுவென்று, வறுத்த வாசனையோடு, எந்தப் பாலாடைக்கட்டிக்கும் குறையாமல் இருந்தது. ஐந்து நாட்களில் நான் சாப்பிட்டவற்றில் அதற்கே முதலிடம் தருவேன்.

நான்காம் நாளைப் பெருநிலப் பக்கம் இருக்கும் நெயாபொலிஸ் தொல்லியல் பூங்காவுக்கு ஒதுக்கினோம். அங்கே கிரேக்க அரங்கம் இருக்கிறது. கல் அடுக்கிக் கட்டியதன்று. குன்றின் பாறையையே படிப்படியாக வெட்டி இருக்கைகளாக்கியது. விட்டம் ஏறக்குறைய 138 மீட்டர். நாடகாசிரியர் எஸ்கிலஸ் தம் நாடகங்களை இந்நகரில் அரங்கேற்றியதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. இன்று காணும் வடிவம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இந்நகரின் அரசன் இரண்டாம் ஹியரோன் காலத்தில் அமைந்தது. 1914-இல் தொடங்கி இங்கே மீண்டும் கிரேக்க நாடகங்கள் நடக்கின்றன. இப்போது கோடையின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பருவத்தில் கல்லைக் காக்க மரப்பலகைகள் போட்டு மூடிவிடுவார்கள். நாடகம் பார்க்க விரும்புகிறவர்கள் அப்போது போகலாம். பாறையையே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இலையுதிர்காலம்தான் சரி.

இந்த அரங்கத்துக்கும் மறுவாழ்வுகள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஓர்த்தீஜியாவின் கோட்டைச் சுவர்களுக்காக மேடைப் பகுதியின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதன்பின் இருக்கைப் படிகளின் மேலேயே நீராலைகளை அமைத்து மாவு அரைத்தார்கள். மாவரைப்போரின் சிறு வீடு ஒன்று இன்றும் அரங்கத்தின் உச்சியில் நிற்கிறது. கற்களைக் கொண்டுபோனதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லா மறுபயன்பாட்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

அரங்கத்துக்கு அருகிலேயே பழைய கல்குவாரிகள். நகரைக் கட்டிய கல்லெல்லாம் இங்கிருந்து வெட்டியதுதான். கி.மு. 415-இல் ஏதென்ஸ் பெரும் கடற்படையோடு இந்நகரின்மேல் படையெடுத்து, 413-இல் முற்றாகத் தோற்றது. பிடிபட்டவர்களில் 7,000 பேருக்குக் குறையாமல் இந்நகரின் குவாரிகளில் அடைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் தானியம். மேலே கூரையில்லாமல் பகலில் வெயிலும் இரவில் குளிரும். ஏதென்ஸின் நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸின் கவிதை வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சிலர் அதனாலேயே விடுதலை பெற்றார்கள் என்று பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் கூறுகிறார். எதிரியின் ஊரில் எதிரியின் கவிஞனுக்கு அத்தனை மதிப்பு. இப்போது அந்தப் பள்ளங்களில் எலுமிச்சை மரங்களும் ஆரஞ்சு மரங்களும் நிழல் பரப்பி நிற்கின்றன. நடக்கையில் அந்தக் கைதிகளை மறக்காமல் நடக்க வேண்டும்.

அங்கேதான், இந்நகரை ஆண்ட பழைய கொடுங்கோலன் ஒருவனின் பெயரில், தியோனிசியஸின் காது என்ற குகை இருக்கிறது. 23 மீட்டர் உயரம், 65 மீட்டர் ஆழம், உள்ளே வளைந்து வளைந்து போகிறது. ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் இங்கே வந்தபோது இந்தப் பெயரைச் சூட்டினார் என்பார்கள். கூட்டம் வெளியேறும்வரை காத்திருந்து, அக்கா எங்கள் அம்மா பாடும் தாலாட்டில் ஒரு வரியை மெல்லிய குரலில் பாடினாள். குரல் மேலே ஏறி, சுவரைத் தடவிக்கொண்டு, அவள் வாய் மூடிய பிறகும் சில நொடிகள் இருந்தது. நாங்கள் இருவரும் வெளியே வரும்வரை பேசவில்லை. பூங்காவில் ஆர்க்கிமிடீஸின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது பிற்கால ரோமானியக் கல்லறை. உண்மையான கல்லறையை கி.மு. 75-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ முட்புதருக்குள் கண்டுபிடித்ததாக எழுதிவைத்திருக்கிறார், அதன்பின் அது மறுபடி மறைந்துவிட்டது.

கடைசி மாலையில் அரெத்தூசா ஊற்றுக்குப் போனோம். கடலுக்கு ஒட்டினாற்போல் ஊறும் நன்னீர்க் குளம். நடுவே பாப்பிரஸ் கோரை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. கையில் பாதாம் கிரனீத்தா. பாதாம் பாலைச் சர்க்கரையோடு உறையவைத்துக் கிளறிய அந்தப் பனிக்கூழை இவ்வூரார் காலை உணவாகவே, மென்மையான பன்னைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பன்னில் முட்டை உண்டு என்பதால் அக்கா கிரனீத்தாவோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்டிகளைக் கட்டிவிட்டு வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது, எங்கள் மேசையில் பாதி ரொட்டி மிஞ்சிக் கிடந்தது. குப்பைக்கூடையில் போட மனம் வராமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே அக்கா கீழே இறங்கினாள். அந்த அம்மையார் அதை வாங்கி, விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு சமையலறைக் கதவைத் தள்ளி, ஆணியில் தொங்கிய துணிப்பைக்குள் போட்டுவிட்டு வந்து, எங்கள் இருவர் கன்னத்திலும் முத்தமிட்டு வழியனுப்பினார்.