அப்பாவின் கார்டிசால் ரிப்போர்ட்

2025 ஜனவரி 18, சனி

பொங்கலுக்குக் கும்பகோணம் வந்ததிலிருந்தே அப்பாவின் சோர்வு கண்ணை உறுத்திக்கொண்டிருக்கிறது. கட்டிலை விட்டு எழுந்தால் தலைசுற்றல். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். பக்கத்து லேபில் முழு உடல் பரிசோதனைக்குச் சொன்னோம். காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன பையன் மதியம் மூன்றரைக்குத்தான் ரத்தம் எடுக்க வந்தான்.

ரிப்போர்ட் இன்று போனில் வந்தது. சர்க்கரை, தைராய்டு எல்லாம் பரவாயில்லை. கார்டிசால் என்ற ஹார்மோன் மட்டும் 3.1. பக்கத்தில் சிவப்பில் ‘குறைவு’. ஒப்பிட்டிருக்கும் வரம்பு 5 முதல் 25. அது காலை எட்டு மணி ரத்தத்துக்கு உரியது.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. விடியற்காலையில் ஏறும், கண்விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சம் தொடும், பிறகு இறங்கி இறங்கி நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். மாலை நான்கு மணிக்குக் காலை அளவில் பாதியோ அதற்கும் கீழோ இருப்பது சகஜம். ஆக, மூன்றரை மணிக்கு எடுத்த ரத்தத்தில் 3.1 என்பதை வைத்து நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. மணி எழுதாத கார்டிசால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை என்றுதான் சொல்வேன்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் பதறிப்போய்க் கூப்பிட்டான். “எனக்கு 380 இருந்துச்சுக்கா, பெரியப்பாவுக்கு மூணுதானா?” அங்கே நானோமோல் கணக்கு, இங்கே மைக்ரோகிராம் கணக்கு. நம்முடையதை 27.6-ஆல் பெருக்கினால் அவர்களுடையது வரும். அப்பாவுக்கு அந்தக் கணக்கில் 86. அவனுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜனவரி 20, திங்கள்

இந்த முறை அப்பாவை லேபுக்கே அழைத்துப் போய், சரியாக எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். 4.2. காலை அளவு 3-க்குக் கீழே போனால் உடம்பு கார்டிசால் சுரக்கவில்லை என்று சந்தேகப்படலாம். 15-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றால் அடுத்த பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

எங்கள் குடும்ப டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததைவிட அப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தார். முகம் உருண்டு உப்பியிருக்கிறது. வயிறு போட்டிருக்கிறது, கை கால் மெலிந்திருக்கிறது. முழங்கையின் கீழே லேசாக இடித்த இடமெல்லாம் கருநீலத் திட்டு. தோல் அவ்வளவு மெல்லிசாகிவிட்டது. கார்டிசால் அதிகமானவர்களுக்கு வரும் அடையாளங்கள் இவை. “உடம்பு கூடுதல்னு சொல்லுது, ரத்தம் குறைவுன்னு சொல்லுது. திருச்சியில ஹார்மோன் டாக்டரைப் பார்த்துடுங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி 23, வியாழன்

திருச்சி. டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளை அடுக்கினார். மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் உண்டா? தோலுக்குக் களிம்பு? முட்டியில் ஊசி? முடி வளர பயோட்டின் மாத்திரை? (பயோட்டினும் சில லேப் கருவிகளைக் குழப்பி, கார்டிசாலைக் கூட்டிக் காட்ட வைக்குமாம்.) எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினார் அப்பா.

“முட்டி வலிக்கு ஏதாவது பொடி, கேப்ஸ்யூல் சாப்பிடுறீங்களாய்யா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். பழுப்பு நிறப் பொடி அடைத்த கேப்ஸ்யூல் இரண்டு. பெயர் இல்லை, தயாரித்தவர் இல்லை, தேதி இல்லை. “அது மூலிகைதாம்மா, பக்கவிளைவே கிடையாதுன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா சாப்பிடறேன். பொங்கலுக்கு முன்னாடி தீர்ந்துபோச்சு, கடை திறக்கலை. இது ரெண்டும் பைக்குள்ள கிடந்தது போல” என்றார் அப்பா.

முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. இப்படி விற்கும் வலி மருந்துகளில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் மாதிரி, கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டைக் கலப்பது ஊரறிந்த விஷயம். இதிலும் கலந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘இதுவே போதும்’ என்று நினைத்து, கார்டிசால் சுரக்கச் சொல்லி சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும். உத்தரவு இல்லாத அட்ரினல் சுருங்கிப்போகும். முகத்தை உப்ப வைத்தது வெளி ஸ்டீராய்டு. ரத்தத்தில் குறைந்தது சொந்தக் கார்டிசால். இரண்டுமே உண்மை. மருந்து திடீரென்று நின்றதும்தான் தலைசுற்றலும் குமட்டலும்.

இன்னொன்றும் சொன்னார். பிரெட்னிசோலோனைச் சில கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும். டெக்ஸாமெத்தசோன் அப்படிச் சேராது. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் எந்தப் பக்கமும் ஏமாறலாம்.

பிட்யூட்டரியின் உத்தரவான ஏசிடிஹெச் ஹார்மோனை அளக்க இன்னொரு ரத்தம். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்துக் கொண்டு போனார்கள். அறைச் சூட்டில் கிடந்தால் அது சிதைந்து, பொய்யாகக் குறைத்துக் காட்டும். காலையில் எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் எழுதினார். எந்தக் காரணத்துக்காகவும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். வலியோடு வந்த வயதானவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ரெண்டு வருஷம் விற்றிருக்கிறார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

ஏசிடிஹெச் 5-க்கும் கீழே. அட்ரினலே கெட்டிருந்தால் பிட்யூட்டரி விடாமல் உத்தரவு அனுப்பி, இந்த எண் எகிறியிருக்கும். 1855-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் எழுதிய நோய் அந்த வகை. நம் நாட்டில் அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அதில் தோல் கறுக்கும், பொட்டாசியம் ஏறும். அப்பாவுக்குத் தோல் கறுக்கவில்லை, பொட்டாசியம் 4.3. சோடியம் மட்டும் 131, கொஞ்சம் குறைவு. எல்லாம் டாக்டரம்மா சொன்னதோடு ஒத்துப்போகிறது.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாளே அப்பா இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 15, சனி

நான் சென்னையில் இருக்கும்போது, மாமா அப்பாவை ஊர் லேபுக்குக் கூட்டிப்போய்க் கார்டிசால் பார்த்திருக்கிறார். 19.4! “சரியாயிடுச்சு, இனிமே மாத்திரை எதுக்கு?” என்று வீட்டில் பேச்சு. போனில் முதலில் நான் கேட்டது, எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தார் என்று. ஏழு மணிக்கு மாத்திரை, எட்டரைக்கு ரத்தம்.

ஹைட்ரோகார்டிசோன் என்பதே கார்டிசால்தான், மருந்து வடிவில். லேப் அளந்தது விழுங்கின மாத்திரையை. அட்ரினல் விழித்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால், டாக்டர் சொல்லும்போது, முந்தின நாள் மதிய மாத்திரையையும் அன்று காலை மாத்திரையையும் தள்ளிவைத்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவும் அளவைப் படிப்படியாகக் குறைத்த பிறகு. மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

மாமாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அப்பாவின் சட்டைப்பைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்: ஸ்டீராய்டு சார்ந்தவர், காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. அம்மா அதைப் பெரிய எழுத்தில் இன்னொன்று எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறாள். அடுத்து திருச்சி போவது ஏப்ரலில்.