தம்பி பனியில, நான் கடலூர்ல

பிப்ரவரி 1

பனிச்சரிவுல பொதைஞ்சவங்கள தேடி எடுக்குற பயிற்சி கேம்ப்புக்குப் போயிருக்குற தம்பிகிட்டேர்ந்து போன் கட் ஆகி கட் ஆகி வந்துச்சு. மணாலியில பனி கொட்டுதாம். அம்மாகிட்ட "நல்லா சாப்பிடுறானாம்"னு மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 3

2016ல இதே தேதியிலதான் சியாச்சின்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் பசங்க பத்து பேர் பனிச்சரிவுல மாட்டுனாங்க. அம்மா இன்னைக்கு டிவியே போட விடல. அதுல ஒருத்தர் அனுமந்தப்பாவ ஆறு நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்கல்ல, அதையே புடிச்சுக்கிட்டு "ஆறு நாள் தாங்குச்சுல்ல"ங்கறாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில என்னாச்சுன்னு நான் வாயத் தொறக்கல.

பிப்ரவரி 4

ராத்திரி பூரா பொலம்பித் தள்ளிட்டான். கேம்ப்ல ஆர்மி ஆளுங்க, போலீஸ் ரெஸ்க்யூ டீம், லோக்கல் கைடுங்க, ஸ்கீ கிளப் பசங்கன்னு எல்லாரும் கலந்து இருக்காங்களாம், பனிக்குள்ள ஆள் இருக்கானான்னு வரிசையா நின்னு நீளக் கம்பி குத்தித் தேடுற டிரில்லுல ஒரு குரூப் பழைய கணக்குல 75க்கு 70 சென்டிமீட்டர் விட்டு குத்துது, இன்னொரு குரூப் எடம் மாறாம இடது நடு வலதுன்னு மூணு குத்து, 50 சென்டிமீட்டர்தான் இடைவெளி, ரெண்டையும் ஒரே வரிசையில நிறுத்தினா வரிசையே கோணிக்கிட்டுப் போகுதாம். கம்பி ஆள் மேல பட்டா உருவவே கூடாது, அதை வச்சுதான் தோண்டணும், அதுலகூட ஒருத்தன் உருவிட்டானாம்.

பொதைஞ்சவன கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒடம்புல மாட்டிக்கிற சிக்னல் மெஷின் ஒண்ணு இருக்கு. "மெஷினு எந்த கம்பெனியா இருந்தாலும் உலகம் பூரா 457 கிலோஹெர்ட்ஸ்தான்க்கா, மெஷினுக்கு பேசி முடிச்சவங்க மனுஷனுக்கு முடிக்க மாட்றாங்க"ன்னான். நியாயந்தானே.

பிப்ரவரி 5

போன் இல்ல.

பிப்ரவரி 6

இன்னைக்கும் இல்ல. சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கம் போனேன். தீபாவளிக்கு வந்தப்ப இங்கதான் சாக்குல பழைய துணிய அடைச்சு மணல்ல பொதச்சுட்டு என்னைய தேடச் சொன்னான். கம்பி சாயாம நேரா எறங்கணும், 25 சென்டிமீட்டர் விட்டு விட்டு சுருளா சுத்தி வரணும். கல்லுல பட்டா ணங்குன்னு நிக்கும், சாக்குல பட்டா கை லேசா எம்பும். அந்த எம்பல் இன்னும் உள்ளங்கையில இருக்கு. வலை சரி பண்ணிக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் "என்னாம்மா பொதையலா"ன்னாரு.

ஆள் பொதைஞ்ச எடத்துக்கு நேர் மேல நின்னு தோண்டக்கூடாதாம், சரிவுல கீழ்ப்பக்கமா தள்ளி நின்னு உள்ள போகணுமாம், நேரமெல்லாம் தேடுறதவிட தோண்டுறதுலதான் போகுதாம்.

பிப்ரவரி 8

தூக்கம் வரல, படிச்சுக்கிட்டே இருந்தேன். சுவிட்சர்லாந்து கணக்கு ஒண்ணு 2024ல வந்திருக்கு. பனிச்சரிவுல பொதைஞ்சவங்கள பத்து நிமிஷத்துக்குள்ள எடுத்தா பத்துல ஒம்போது பேர் பொழைக்கிறாங்க, பத்துலேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ள மூணுல ஒருத்தர்தான். இங்க புயல்னா அரக்கோணத்துலேர்ந்து என்டிஆர்எஃப் பேரிடர் மீட்புப் படை வந்து தங்கிடுவாங்க. அங்க யாரு வந்து சேர்றதுக்குள்ளயும் எல்லாம் முடிஞ்சிடும், பக்கத்துல நிக்குறவன்தான் ரெஸ்க்யூ டீமு. அவன் வேற எடத்துல வேற மாதிரி கத்துக்கிட்டவன்னா? 2022 அக்டோபர் 4, உத்தரகாசி, திரௌபதி கா டண்டா மலையில பனிச்சரிவு, அதுல செத்துப் போனவங்க பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த பசங்க. இதைப் படிச்சிருக்கவே வேணாம்.

பிப்ரவரி 9

பேசிட்டான்!! தேடுறப்ப சத்தம் போட்டுச் சொல்ற கட்டளை மட்டுமாவது ஒண்ணா இருக்கட்டும்னு ஹிந்தியில பொதுவா வச்சுக்கிட்டாங்களாம். இடைவெளி விஷயத்துல ஒரு சீனியர் "எங்க மேனுவல்ல இல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாராம். சர்ட்டிபிகேட் ஆளுக்கொரு கலர்ல வச்சுக்கட்டும்ங்க, யாரு வேணாங்கறா.

பிப்ரவரி 11

நாளைக்கு மேல ஏறுறாங்க. தம்பிக்கு ஜோடி ஸ்கீ கிளப் பையன். அம்மா பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்து அந்தப் பையன் எந்த ஊருன்னு கேட்டாங்க. உத்தரகாண்ட்னேன். "நல்லா தோண்டுவானா?"ன்னாங்க.