டிரைவ்வே இருப்பவருக்கு ஏழு பென்ஸ்

பிரிட்டனுக்கு வந்து கொஞ்சம் காலூன்றியதும் நம்மவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள். "கம்பெனி மூலமா எலெக்ட்ரிக் கார் எடுத்துடுங்க, செலவே தெரியாது." அதில் பொய் இல்லை. சாலரி சாக்ரிஃபைஸ் என்று ஓர் ஏற்பாடு இங்கே உண்டு. காரின் மாதத் தவணையை, வருமான வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். கம்பெனி கார் வைத்திருப்பதற்கான வரியும் ஈவிக்கு, அதாவது எலெக்ட்ரிக் காருக்கு, மிகக் குறைவு. 2025 ஏப்ரல் வரை காரின் பட்டியல் விலையில் 2 சதவீதத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிட்டார்கள். இப்போது மெல்ல ஏறுகிறது. காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தவணைக்குள்ளேயே வந்துவிடும். இந்த ஊரில் வண்டி ஓட்டிய வரலாறே இல்லாத புதியவருக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பது யானை விலை. பலரும் இதில் இறங்க அதுதான் உண்மையான காரணம். என் காரணமும் அதுவே.

யோசனை சொன்ன யாரும் கேட்காத கேள்வியை ஆபீஸில் மூத்தவரான ஓர் அண்ணன் கேட்டார். "தம்பி, உங்க வீட்டுல டிரைவ்வே இருக்கா?" வீட்டு வாசலிலேயே சொந்தமாகக் கார் நிறுத்தும் இடத்தைத்தான் கேட்கிறார். இல்லை. ரெடிங்கில் முதல் மாடி வாடகை ஃபிளாட். கார் நிற்பது எல்லோருக்கும் பொதுவான நிறுத்தத்தில். "அப்போ உங்க கணக்கு வேற, என் கணக்கு வேற" என்றார்.

அவர் கணக்கு இது. வீட்டுச் சுவரில் சார்ஜர். ஈவிக்காரர்களுக்கென்று இருக்கும் இரவுத் திட்டத்தில், நள்ளிரவையொட்டிய சில மணி நேரம் யூனிட் ஏழெட்டு பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்). ஒரு யூனிட்டுக்கு மூன்றரை மைல் ஓடும் கார் என்றால் மைலுக்கு இரண்டு பென்ஸ் சொச்சம். என் கணக்கில், மோட்டார்வே எனும் விரைவுச்சாலை ஓரத்து ரேபிட் சார்ஜரில் (வேகமாக ஏற்றும் சார்ஜர்) யூனிட் 80 பென்ஸைத் தொடுகிறது, சில இடங்களில் தாண்டியும் போகிறது. மைலுக்கு 23 பென்ஸ். 2025-இல் பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்ட் வாக்கில் விற்றபோது, கேலனுக்கு 45 மைல் தரும் சாதாரணப் பெட்ரோல் காருக்கு மைலுக்கு 14 பென்ஸ்தான் ஆனது. ரேபிட் சார்ஜரை மட்டுமே நம்பி ஈவி ஓட்டுபவர், பக்கத்தில் புகை விட்டுப் போகிறவரைவிட அதிகம் செலவழிக்கிறார்.

எனக்கு ஆறாதது வரி விஷயம். வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் வாட் (VAT) எனும் விற்பனை வரி. வெளியே பொதுச் சார்ஜரில் ஏற்றினால் 20 சதவீதம். அதே மின்சாரம், அதே கார். 80 பென்ஸில் 13 பென்ஸுக்கு மேல் வரி மட்டுமே. அதாவது நான் கட்டும் வரி, அண்ணன் இரவில் கட்டும் முழு விலையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வரித்துறைக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. அலுவலக வேலையாகக் கம்பெனி ஈவியில் போனால் மைலுக்கு இவ்வளவு என்று திருப்பித் தரும் விகிதத்தை 2025 செப்டம்பரில் இரண்டாகப் பிரித்தார்கள்: வீட்டில் ஏற்றினால் 8 பென்ஸ், வெளியே ஏற்றினால் 14. சரி, ஒத்துக்கொண்டார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஈவிக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் வயிறு எரியும். மோட்டார்வே சர்வீஸ்களில் (வழியில் நின்று இளைப்பாறும் இடங்கள்) எக்கோட்ரிசிட்டி நிறுவனம் 2011-இல் தொடங்கிய சார்ஜர்கள் 2016 வரை இலவசம். டெஸ்கோ கடைகளின் நிறுத்தத்தில் 2022 நவம்பர் வரை இலவசமாக ஏற்றலாம். 2021-இல் கிரிட்சர்வ் நிறுவனம் அந்த மோட்டார்வே இடங்களை வாங்கியபோதுகூட யூனிட் 30 பென்ஸ்தான். அடுத்த ஆண்டு உக்ரைன் போரோடு மின்சார விலை எகிறியது. வீடுகளுக்கு, மின்சார ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைக்கும் விலை உச்சவரம்பு உண்டு. சார்ஜர் நடத்தும் கம்பெனிகளுக்கு அது கிடையாது. இன்னொன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி போல அல்ல இது. ஒரே நேரத்தில் பல கார்களுக்கு 150 கிலோவாட் கொடுக்க வேண்டுமென்றால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பெரிய இணைப்பு வேண்டும். அந்த இணைப்பின் அளவுக்கு நிலைக்கட்டணம், கார் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். சில ஆண்டுகளில் அந்தக் கட்டணம் மிக மோசமாக ஏறிவிட்டது. ஆள் வராத செவ்வாய்க்கிழமை மதியத்தின் செலவையும் ஞாயிற்றுக்கிழமை மாலை வருகிறவர் தலையில்தான் கட்ட முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆள் நான்தான். பர்மிங்ஹாம் பக்கம் டிவிடேலில் இருக்கும் பாலாஜி கோயிலுக்கு இங்கிருந்து சுமார் 100 மைல். கோடையில் பரவாயில்லை. குளிரில் 70 மைல் வேகத்தில் போனால் யூனிட்டுக்கு மூன்று மைல் கிடைப்பதே அதிகம், திரும்பும்போது எம்40 மோட்டார்வே ஓரமாக நின்றே தீர வேண்டும். எல்லா சார்ஜரும் நிறைந்திருக்கும். வரிசை நிற்க இடம் கிடையாது, ஆனால் யார் யாருக்கு அடுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இந்த நாட்டுக்காரர்களின் வரிசை ஒழுக்கத்தை அங்கேதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். முறை வந்ததும், குளிரில் விறைத்துப்போன தடிமனான கேபிளை இரண்டு கையாலும் வளைத்துச் சொருக வேண்டும். கார்டைத் தட்டியவுடன் ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வார்கள், மீதி திரும்ப சில நாள் ஆகும். பேட்டரி சில்லென்றிருந்தால் 150 என்று எழுதிய சார்ஜரில் 40 ஓடும். போகும் வழியிலேயே காரின் வரைபடத்தில் சார்ஜரை இலக்காகப் போட்டுவிட்டால் பல கார்கள் தாமே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். 80 சதவீதத்துக்குப் பிறகு வேகம் படுத்துவிடும், பின்னால் ஆள் காத்திருக்கும்போது அதற்கு மேல் நிற்பது மரியாதையும் இல்லை. 40 யூனிட், 32 பவுண்ட். பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்த கணக்கு தனி.

அதற்காக எப்போதும் அந்த விலை கொடுப்பதில்லை. டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்களில் பல 2022-லிருந்து மற்றக் கார்களுக்கும் திறந்திருக்கின்றன. நேரத்துக்கு நேரம் விலை மாறும், கூட்டமில்லாத நேரத்தில் கணிசமாகக் குறையும். மாதச் சந்தா கட்டினால் யூனிட் விலை இறங்கும் நெட்வொர்க்குகளும் உண்டு. நெடும்பயணம் இருக்கும் மாதம் மட்டும் சேர்ந்துவிட்டு, அப்புறம் மறக்காமல் ரத்து செய்ய வேண்டும். பல கவுன்சில்கள் தெருவிளக்குக் கம்பத்திலேயே மெதுவான சார்ஜர் வைத்திருக்கின்றன. 5 கிலோவாட் என்றாலும் இரவு முழுக்க விட்டால் 40 யூனிட் ஏறிவிடும். யூனிட் 50 பென்ஸுக்கு மேல் என்றாலும் மோட்டார்வேக்கு அது தேவலாம். என்ன, அந்தக் கம்பத்தடியில் இடம் கிடைக்க வேண்டும்.

சட்டம் ஒரு விஷயத்தில் உதவியிருக்கிறது. 2023-இல் வந்த விதிகளால், யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ் என்று தெளிவாகக் காட்டியாக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து ரேபிட் சார்ஜர்களில் வங்கி கார்டைத் தட்டியே பணம் கட்ட வழி இருக்க வேண்டும். சார்ஜர் கம்பெனிக்கு ஒன்றாகப் போன் நிறைய ஆப் வைத்திருந்த காலத்து ஆட்களுக்கு அதன் அருமை தெரியும்.

2028 ஏப்ரலிலிருந்து ஈவிக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி என்றும் அறிவித்துவிட்டார்கள். அண்ணன் கொதித்துப் போய்விட்டார், அவருடைய செலவு ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் போகிறதாம். 23 பென்ஸ்காரனிடம் வந்து சொன்னால் என்ன பதில் சொல்வது?

வாடகைக்கு வீடு பார்க்கும்போது இப்போது சமையலறைப் படத்துக்கு முன்னால் வாசல் படத்தைத்தான் பார்க்கிறேன். டிரைவ்வே இருந்தால் மட்டும் போதாது, சார்ஜர் மாட்ட வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். வாடகைக்காரர்களுக்கு அரசு மானியம் இருக்கிறது என்று சொன்னதும் ஒரு ஏஜென்ட் "கேட்டுச் சொல்கிறேன்" என்றார். காரின் லீஸ் முடிவதற்குள் அவர் கேட்டுச் சொன்னால் அடுத்ததும் ஈவி. இல்லையென்றால் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட்தான், வீட்டில் அதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன்.