எந்தப் பக்கத்தில் மூடிவைத்தார்கள்?

“ஏழு வயதுக்கு ஒரு புதிய புத்தகம், பதினான்கு வயதுக்கு ஒரு புதிய புத்தகம் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால், உடனே பெயர்களை அடுக்குவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். பிள்ளை யாரும் சொல்லாமல் தானாக எடுத்துக் கடைசிவரை படித்த புத்தகம் எது? பாதியில் விட்ட புத்தகத்தை எந்தப் பக்கத்தில் மூடிவைத்தார்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை வந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வியைப் பெற்றோர் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பெரிதும் உதவுவது அதற்கான விடைதான். மூன்றாம் பக்கத்தில் மூடியவருக்கு மொழி தடையாக இருந்திருக்கலாம். நாற்பதாம் பக்கத்தில் மூடியவருக்குப் படிக்கத் தெரியும், கதைதான் கைவிட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை நான் கற்றது ஒரு தோல்வியிலிருந்து. பதின்மூன்று வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு தடித்த நாவலை, அதே வயதுடைய உறவுக்காரப் பெண்ணுக்குப் பெருமையோடு கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது, நான் வைத்துக் கொடுத்த பக்க அடையாள அட்டை பதினெட்டாம் பக்கத்தில் அசையாமல் இருந்தது. அவள் சோம்பேறியும் அல்லள், வாசிப்பை வெறுப்பவளும் அல்லள். ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்து, வரியின் முடிவை எட்டும்போது அதன் தொடக்கத்தை மறந்துபோகிற நிலையில் அவள் இருந்தாள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். வயதால் பதின்பருவத்தினர், வாசிப்பால் தொடக்க நிலையினர் என்று இருக்கும் இத்தகைய பிள்ளைகளுக்குப் புத்தக அலமாரியில் பெரும்பாலும் இடமே ஒதுக்கப்படுவதில்லை. ஒரு கோடியில் யானையும் முயலும், மறு கோடியில் நானூறு பக்க நாவல்.

முதலில் தொடக்க நிலையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த நமக்குக் கண்ணில் பட்டவுடனே சொல் புரிந்துவிடுவதால், எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் உழைப்பு எவ்வளவு கடுமையானது என்பது நினைவில் இருப்பதில்லை. தமிழில் அந்த உழைப்புக்கு எனச் சில தனித்த இடர்கள் உண்டு. ‘கோழி’ என்ற சொல்லில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், அதன் பின் கால். ஆனால் வாய் முதலில் எழுப்ப வேண்டியது க் என்னும் ஒலியை. அதாவது, எழுதப்பட்ட வரிசையும் ஒலிக்கும் வரிசையும் ஒன்றல்ல. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆகவே, முதல் புத்தகத்தில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதைவிட, ஒரு பக்கத்தில் எத்தனை கொம்புகளும் கால்களும் குவிந்திருக்கின்றன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். ‘மரம்’, ‘படம்’, ‘பழம்’ என்று தொடங்கிப் படிப்படியாக ஏறும் புத்தகத்தை எழுதியவருக்குக் குழந்தையின் கண்ணைத் தெரியும் என்று நம்பலாம்.

அடுத்த இடர் சொற்களின் நீளம். ‘ஓடிக்கொண்டிருந்தவர்களெல்லாம்’ என்பது இலக்கணப்படி சரியான சொல்வடிவந்தான். ஏழு வயதுக் கண்ணுக்கு அது ஒரு சுவர். நல்ல பதிப்பாசிரியர் அதை ‘ஓடியவர்கள் எல்லாரும்’ என்று பிரித்துப்போடுவார், அல்லது அந்த வாக்கியத்தையே மாற்றச் சொல்வார். புணர்ச்சி விதிகளை விடாமல் கடைப்பிடித்துக் குழந்தை நூலை அச்சிடுவது தமிழுக்குச் செய்யும் தொண்டு என்று நினைப்பவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. வல்லொற்று மிகும் இடத்தில் மிகட்டும், அதில் குறையில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சுவிட ஓர் இடைவெளி இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடக்க நிலைக்கென்றே எழுதப்பட்ட புத்தகங்களில் மிகப் புகழ்பெற்றது டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட ‘தி கேட் இன் தி ஹேட்’. பள்ளிப் பாடநூல்கள் சலிப்பூட்டுகின்றன என்று 1954இல் ஓர் இதழில் வந்த கட்டுரையின் தொடர்ச்சியாகப் பிறந்த அந்தக் கதையில், திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒருமுறை மட்டுமே எண்ணினால், 236 சொற்கள்தாம் உள்ளன. 1960இல் அவர் எழுதிய இன்னொரு புத்தகம் வெறும் 50 சொற்களில் முடிகிறது. இவ்வளவு குறைவான சொற்களுக்குள் குறும்பும் வேகமும் இருக்க முடியும் என்று காட்டியது பெரிய சாதனைதான். ஆனால், அப்படிப்பட்ட ஒரு நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடக்க வாசகருக்குப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். ‘கேட்’ என்பதும் ‘ஹேட்’ என்பதும் ஓர் ஒலி மட்டுமே மாறிய சொற்கள் என்பதால், ஒன்றைப் படித்த குழந்தைக்கு மற்றது தானாக வந்துவிடுகிறது. ‘பூனை’யும் ‘தொப்பி’யும் அப்படி உதவுவதில்லை. அதோடு, தமிழில் ‘மரம்’ என்ற ஒரு சொல்லே ‘மரத்தில்’, ‘மரத்திலிருந்து’, ‘மரங்களை’ என்று ஒவ்வொரு வரியிலும் உருமாறுவதால், சொல்லை எண்ணிக் கட்டுப்படுத்தும் உத்தி அப்படியே இங்கு செல்லுபடியாகாது. பெரியவர் உரக்கப் படிக்க, குழந்தை கேட்டுச் சிரிப்பதற்கு அந்த மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கலாம். தானாகப் படிக்கப் பழகுவதற்கு, தமிழிலேயே சிந்தித்து எழுதிய நூல்தான் வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தாங்கக்கூடிய வேறு வகை நூல்களும் உண்டு. மோ வில்லெம்ஸ் 2007 முதல் 2016 வரை எழுதி வரைந்த, ஒரு யானையும் ஒரு பன்றிக்குட்டியும் பேசிக்கொள்ளும் 25 புத்தகங்கள் கொண்ட வரிசையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அதில் வருணனை கிடையாது; பேச்சுமட்டுமே உண்டு. யானையின் பேச்சுக் குமிழ் சாம்பல் நிறம், பன்றிக்குட்டியினுடையது இளஞ்சிவப்பு. ஆகவே, யார் பேசுகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள ‘என்று சொன்னது’ போன்ற சொற்களே தேவைப்படுவதில்லை. சொல் புரியாவிட்டாலும் முகம் புரிகிறது. இருவர் ஆளுக்கொரு நிறத்தை எடுத்துக்கொண்டு மாறி மாறிப் படிக்கலாம் என்பதால், படிக்கத் தடுமாறும் குழந்தை ஒரு பக்கத்தில் பாதியை மட்டும் சுமந்தால் போதும். ஆங்கிலத்தில் புதிதாக வரும் தொடக்க நிலை நூல்களைத் தேடுவோர், டாக்டர் சூஸின் இயற்பெயரால் 2006 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் கைசல் விருதின் பட்டியலைப் பார்க்கலாம். அந்த விருது இந்த வகை நூல்களுக்கென்றே ஏற்பட்டது.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுவது இன்னொரு சிக்கல். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைச் சரியாக எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகும், அது தான் நாள்தோறும் கேட்கும் சொல்தான் என்பது குழந்தைக்குப் பிடிபடாமல் போகலாம். அப்படியானால் முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதிவிடலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். பேச்சு வடிவத்துக்கு நிலையான எழுத்துமுறை இல்லை. ‘போய்ட்டான்’, ‘போயிட்டான்’ என்று ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு விதமாக எழுதினால், கண் எதையும் மனத்தில் பதித்துக்கொள்ளாது. உரையாடலில் கொஞ்சம் பேச்சு வழக்கு, கதை சொல்லும் இடங்களில் சிறிய எளிய எழுத்துநடை என்பதே எனக்கு உகந்த கலவை. அதைவிட முக்கியமானது, பெரியவர் நாள்தோறும் சிறிது நேரம் உரக்கப் படித்துக்காட்டுவது. காதில் முன்பே விழுந்த எழுத்துத் தமிழைக் கண் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது.

‘புதிய’ புத்தகமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் னை, லை, றா, ணா போன்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய அச்சில் உள்ள புத்தகங்களை வளர்ந்தவர்கள் சற்றுத் தடுமாறியாவது படித்துவிடுவார்கள். இப்போதுதான் எழுத்தைக் கற்ற குழந்தை, தெரியாத எழுத்து ஒன்று குறுக்கே வந்ததாகவே எண்ணும். வீட்டில் பாதுகாத்து வைத்த பழைய தொகுப்புகளை ஆசையோடு எடுத்துக் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மற்றபடி, குழந்தைக்கு அதுவரை படிக்காத எல்லாமே புதியவைதாம்.

இனிப் பதின்பருவத்தினர். இவர்களில் சரளமாகப் படிப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை; அலமாரியைத் திறந்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பதினெட்டாம் பக்கத்தில் நின்றுபோகிறவர்களுக்குத்தான் பரிந்துரை தேவைப்படுகிறது. அவர்களுக்கு வேண்டியது, அவர்கள் வயதுக்குரிய கதை, அவர்கள் கண்ணுக்குரிய மொழி. நட்பு முறிவது, வீட்டில் பணம் இல்லாமல் போவது, உடல் மாறுவது, சாவு, காதல், அநீதி என்று அவர்கள் மனத்தில் ஓடுவது எல்லாம் இருக்க வேண்டும். வாக்கியம் மட்டும் சுருக்கமாக இருக்க வேண்டும். 1998இல் ஸ்காட்லாந்தில் தொடங்கப்பட்ட பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் இத்தகைய நூல்களுக்கென்றே அறியப்படுகிறது. பெயர் பெற்ற எழுத்தாளர்களைக் கொண்டு சிறிய நாவல்களை எழுதச் செய்து, எளிதில் குழம்பாத எழுத்துருவில், தாராளமான இடைவெளியோடு, கண்ணைக் கூசவைக்காத மஞ்சள் சாயல் தாளில் அச்சிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற நாவல்களைப் போலத்தான் இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் ‘நிலை 2’ என்று அட்டையில் பொறித்த புத்தகத்தைக் கொடுப்பதைப் போன்ற அவமானம் வேறில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அந்த வாசிப்பு நிலை எண்களும் ஒவ்வொரு பதிப்பகமும் தன் கணக்குப்படி இடுபவை. ஒன்றின் இரண்டாம் நிலை மற்றொன்றின் நான்காம் நிலையாக இருக்கக்கூடும்.

கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல்களும் இத்தகையோருக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் வெளியிட்ட ‘லாங் வே டவுன்’ நாவலில், அண்ணனைச் சுட்டுக்கொன்றவனைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு மின்தூக்கியில் இறங்குகிறான் ஒரு பதினைந்து வயதுப் பையன். கதையின் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடப் பயணத்துக்குள் நடக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் இறந்துபோன ஒருவர் உள்ளே ஏறுகிறார். பக்கத்தில் சில வரிகள்தாம், மீதி வெற்றிடம். முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு, அதுவரை எதையும் முடிக்காதவருக்கு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். கொலையும் துயரமும் நிறைந்த கதை என்பதால், பரிந்துரைப்பவர் முதலில் தாமே படித்திருக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுப்பதும் தவறு, இருட்டான கதை என்பதற்காகவே ஒதுக்குவதும் தவறு.

சித்திர நாவல்களைப் பற்றி மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. “படம் பார்ப்பது எப்படி வாசிப்பாகும்?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, ஜெர்ரி கிராஃப்ட் வரைந்து எழுதிய ‘நியூ கிட்’ 2020இல் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதாகிய நியூபெரி விருது பெற்றதைச் சொல்கிறேன். 1922 முதல் வழங்கப்பட்டுவரும் அந்த விருதைப் பெற்ற முதல் சித்திர நாவல் அதுதான். விருதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு: ஒரு படக்கட்டத்துக்கும் அடுத்த படக்கட்டத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை வாசகரே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊகம்தான் வாசிப்பின் பெரும்பகுதி. ஐயமிருந்தால், பெற்றோரே ஒன்றை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.

ஒரு புதிய நூலை மதிப்பிட எனக்கென்று பெரிய முறை எதுவும் இல்லை. பின்னட்டையைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதல் மூன்று பக்கங்களை வாய்விட்டுப் படிக்கிறேன். நாக்கு இடறினால் குழந்தைக்கும் இடறும். பிறகு நடுவில் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் ‘இக்கதையால் நாம் அறிவது’ என்றொரு கட்டமோ, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் வினாத்தாளோ இருந்தால், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் என் மனம் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தைப் படித்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கி, ஐந்து விரலும் மடங்கினால் கடினமான புத்தகம் என்று கொள்ளும் முறை பலரிடமும் வழக்கத்தில் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும். பதின்பருவத்தினரிடம் செய்து பார்க்காதீர்கள், புத்தகத்தோடு சேர்ந்து உங்களையும் மூடிவைத்துவிடுவார்கள்.

கொடுக்கும் விதத்திலும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். ‘அருமையான புத்தகம், கட்டாயம் படி’ என்று சொல்வதில்லை. கதை தொடங்கும் நெருக்கடியை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, அங்கேயே நிறுத்திவிடுகிறேன். ஒன்றுக்குப் பதில் மூன்று புத்தகங்களை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவற்றில் ஒன்று மிக மெல்லியதாக இருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலொன்றில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் படிக்கும் உரிமையும், புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையும் அவற்றில் அடங்கும். இந்த இரண்டையும் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதில்லை.

ஒரு செய்தியை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்கிறேன். முதன்முறையாக ஒரு நூலை முடித்த பிள்ளைக்கு அடுத்த நூல் சில நாட்களுக்குள் கையில் கிடைக்க வேண்டும். இடைவெளி நீண்டால் சூடு ஆறிவிடும். அதனால்தான் தொடர் வரிசையாக வரும் நூல்களை நான் அதிகம் நாடுகிறேன்: பாத்திரங்களும் நடையும் முன்பே பழகியவை என்பதால் இரண்டாவது புத்தகம் முதலாவதைவிட எளிதாகிவிடுகிறது. மூன்று பாகங்களில் முதலாவது மட்டுமே மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், அதைக் கொடுக்கும்போதே அந்த விவரத்தையும் சொல்லி, கூடவே வேறொரு நூலையும் எடுத்து வைத்துவிடுகிறேன்.