சுற்றிப் போகச் சொன்னேன்

"அத்தனை தூரம் யாருங்க தம்பி சுற்றுவார்கள்? தடுப்பை எங்காவது பிரித்துக்கொண்டு மேலேயேதான் ஏறுவார்கள்."

வாகனக் கணக்கெடுப்பு முடிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா சொன்னது இது. காவிரியில் ஊர் வண்டிகளுக்கென்று நாங்கள் திட்டமிட்ட புதிய பாலத்துக்கு அவர் பக்கத்தார் சுற்றித்தான் வர வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். மொபெட்டின் முன்னால் நூல் கோன் மூட்டை. சரிந்துவிடாமல் இரண்டு முழங்காலாலும் அணைத்திருந்தார். "சுற்றினாலும் பயமில்லாமல் போகலாமுங்க அக்கா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து, பாலத்தில் ஏறிப் போய்விட்டார்.

நெடுஞ்சாலையை ஒட்டி ஊர் வண்டிகளுக்காக ஓடும் சர்வீஸ் ரோடு காவிரிக் கரையில் நின்றுவிடுகிறது. மேற்குக் கரையில் வீடு, கிழக்குக் கரையில் தறிக்கூடம் என்றிருப்பவர்கள் அந்த அரைக் கிலோமீட்டருக்கு மட்டும் நெடுஞ்சாலைக்குள் நுழைந்து, அக்கரையில் இறங்க வேண்டும். எண்பதில் வரும் லாரிக்கு முன்னால் முப்பதில் ஒரு மொபெட். ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் ஆபத்து. பாலத்தை அகலப்படுத்தினால் இது தீராது, ஊர் வண்டிகளுக்குத் தனிப்பாலம் வேண்டும் என்று வாதாடியவன் நான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

இரண்டு பக்கமும் பாலம் கேட்டோம். செலவைப் பார்த்துவிட்டு ஒன்று போதும் என்றார்கள். தென்புறம் 7.5 மீட்டர் அகலத்தில், இருவழியாக ஒரே பாலம். வெள்ளத்துக்குத் தடையாகாமல் புதிய தூண்கள் பழைய தூண்களின் நேர்கோட்டிலேயே நிற்கும். வடபுறத்தில் இருப்பவர்கள் பின்னால் போய், சுரங்கப்பாதையில் நுழைந்து வர வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர். இப்போது அவர்கள் ஏறும் வாயை அடைத்துவிடுவோம். இரண்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. இதை நான் பல இரவுகள் எனக்கே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஊர் வண்டிகள் விலகிய பிறகு லாரிகள் இன்னும் வேகமாகத்தான் வரும். அந்த வேகத்துக்காகத்தானே பிரிக்கிறோம். அப்போது தடுப்பைப் பிரித்து ஏறுகிறவர் கதி? இன்று லாரி ஓட்டுநர் அந்த இடத்தில் மொபெட் வரும் என்று எதிர்பார்த்து வேகத்தைக் குறைக்கிறார். நாளை எதிர்பார்க்க மாட்டார்.

சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரசின் நெடுஞ்சாலைக் கணக்கில் கார் ஒன்று என்றால் லாரி மூன்று, மொபெட் அரை. ஆறு மொபெட் சேர்ந்தால் ஒரு லாரி. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கான அளவு அது, உயிருக்கான அளவு அல்ல. அதில் தவறில்லை. நடப்பவர்களுக்கு அதில் எண்ணே கிடையாது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு நடக்கும் கூட்டத்தை நினைத்து, நடைபாதையை மட்டும் விடாப்பிடியாக வாங்கினேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அந்த அக்கா கேட்டதோ நடைபாதை அல்ல.

அவர் சொன்னதை அறிக்கையில் எழுதவில்லை. ஒருவர் வாய்ச்சொல்லைத் தரவாகச் சேர்க்க முடியாது என்று அன்று நினைத்தேன். உண்மையில், சேர்த்தால் தனிப்பாலத் திட்டமே திரும்பிவிடுமோ என்ற பயம்தான்.

ஒப்புதல் வந்துவிட்டது. வடபுற வாயை அடைக்கும் தடுப்பு வரைபடத்தில் ஒரு தடித்த கோடு. போன வாரம் அதன் நீளத்தை இருபது மீட்டர் கூட்டினேன். மறுநாள் பழையபடி குறைத்துவிட்டேன். இரண்டுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.