குளோர்பைரிபாஸ் மறுஆய்வு: காத்திருந்த ஆண்டுகள் யாருடைய கணக்கில்?

ஒரு பூச்சிக்கொல்லியின் பாதுகாப்பை அரசு மறுஆய்வு செய்துவருகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த ஆய்வு முடியும் வரை அதே மருந்து வயல்களில் தெளிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 'ஆய்வில் இருக்கிறது' என்ற சொற்களைக் கேட்டதும் யாரோ பொறுப்பானவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதிதான் நமக்கு வருகிறது. அமெரிக்காவில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கு நடந்த மறுஆய்வின் ஆவணங்களையும் அதைத் தொடர்ந்து வந்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் படித்த பிறகு, அந்த நிம்மதி எனக்கு முற்றிலும் போய்விட்டது. ஒரு நச்சைப் பற்றிய சந்தேகம் எழுந்த பின்னர் கழியும் காலம், அந்த நச்சை விற்பவருக்கு ஆதாயமாகவும் அதை உடலில் ஏற்பவருக்கு இழப்பாகவும் கணக்கில் ஏறுகிறது என்பதே நான் இதில் கண்டது.

குளோர்பைரிபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. டௌ கெமிக்கல் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து 1965இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. சோளம், சோயா, ஆப்பிள், ஆரஞ்சு எனப் பல பயிர்களில் பயன்பட்டதோடு, வீடுகளில் கரையானுக்கும் கரப்பானுக்கும் எதிராகவும் ஏராளமாகத் தெளிக்கப்பட்டது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் தன் வேலையை முடித்ததும் அதைச் சிதைத்து அகற்றுவதற்கு ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து உடலுக்குள் சென்றதும் மாற்றம் பெற்று அந்த நொதியை முடக்கிவிடுகிறது. நொதி முடங்கினால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டுப் பூச்சி துடித்துச் சாகிறது. அதே நொதி மனித உடலிலும் இருக்கிறது என்பதால்தான், மருந்து அதிகமாக உடலில் சேர்ந்தவர்களுக்குக் கண்ணின் பாவை சுருங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகி, மூச்சு திணறுகிறது. மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிமருந்து செலுத்தப்படுகிறது. இந்தக் கடும் நச்சேற்றத்தைப் பற்றி எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. இத்தகைய எந்த அறிகுறியையும் காட்டாத மிகச் சிறிய அளவு, கருவில் வளரும் குழந்தையின் மூளையை என்ன செய்கிறது என்ற கேள்வியில்தான் மறுஆய்வு ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது.

பாதுகாப்பு மதிப்பீடு நடக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் எந்த விளைவை அளப்பது என்று முடிவுசெய்கிறார்கள். குளோர்பைரிபாஸுக்கு நெடுங்காலம் அளக்கப்பட்டது மேற்சொன்ன நொதியின் முடக்கம்தான். இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள நொதி 10 சதவீதம் முடங்கும் அளவு எது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிட்டார்கள். விலங்கிலிருந்து மனிதனுக்கு வருவதற்கு ஒரு பத்து மடங்கு, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து மடங்கு என்று வகுப்பது இத்துறையின் பொதுவான வழக்கம். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம், சிசுக்களையும் குழந்தைகளையும் கருதி இன்னொரு பத்து மடங்கைச் சேர்க்கச் சொன்னது; நம்பத்தக்க தரவுகள் வேறுவிதமாகக் காட்டினால் மட்டுமே அதைக் குறைக்கலாம் என்றும் விதித்தது. அளக்கத் தேர்ந்தெடுத்த விளைவே தவறானதாக இருந்தால், அதன் பிறகு எத்தனை பத்தால் வகுத்தாலும் சரியான விடை கிடைக்காது. நொதி கணிசமாக முடங்குவதற்கு முன்பே மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமானால், நொதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாதிப்பு தெரியவே தெரியாது.

அளந்ததையும் ஒழுங்காக அளந்தார்களா? 1970களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் இருந்த 16 ஆண்களுக்குக் குளோர்பைரிபாஸை மாத்திரையாகக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதற்கான பணத்தை டௌ நிறுவனம் கொடுத்தது. குழுவுக்கு நான்கு பேர். கிலோ எடைக்கு 0.03 மில்லிகிராம் என்ற அளவு வரை விளைவு ஏதுமில்லை என்று முடிவு எழுதப்பட்டது. 1980களிலும் 1990களிலும், பூச்சிக்கொல்லிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் மதிப்பீடுகளில் இந்த எண்ணை நம்பியிருந்தது. வீடுகளுக்குள் இம்மருந்து புழங்கிய காலமும் அதுவே. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியான் ஷெப்பர்டும் அவருடைய குழுவினரும் அச்சோதனையின் தரவுகளை மீண்டும் எடுத்துப் பகுத்தபோது, ஏற்கத்தக்க தரவுகளில் ஒரு பகுதி பகுப்பாய்விலிருந்து விடப்பட்டிருந்ததும், அவற்றைச் சேர்த்து முறைப்படி கணக்கிட்டால் அதே 0.03 அளவிலேயே விளைவு தென்படுவதும் தெரியவந்தது. சிறையில் இருப்பவர் தரும் சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அந்த மனிதர்கள் தங்கள் உடலைக் கொடுத்துப் பெற்ற தரவைக்கூட முழுமையாகப் பார்க்காமல், அதன்மீது ஒரு நாட்டின் பாதுகாப்பு வரம்பைக் கட்டினார்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

2000ஆம் ஆண்டு ஜூனில் முகமையும் உற்பத்தியாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகள் கைவிடப்பட்டன, தக்காளியிலும் நிறுத்தப்பட்டது. மற்ற பெரும்பாலான வயல்களில் தொடர்ந்தது. அதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நியூயார்க் நகரின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின, டொமினிக்கத் தாய்மார்களின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்துவந்தார்கள். தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்த குளோர்பைரிபாஸின் அளவைக் கிராமுக்கு இத்தனை பிக்கோகிராம் என்று அளந்தார்கள். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அந்த அளவு அதிகமாக இருந்த குழந்தைகள் மூன்று வயதில் உடலியக்கத்திலும் மனவளர்ச்சியிலும் பின்தங்கியிருந்ததை 2006இல் வர்ஜீனியா ராவ் தலைமையிலான குழு வெளியிட்டது. ஏழு வயதில் செயல்நினைவும் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் குறைந்திருந்ததை 2011இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்த பெர்க்லி குழுவும், ஆர்கனோபாஸ்பேட் வகை முழுமைக்கும் ஏறத்தாழ அதே திசையில் முடிவு கண்டது.

இயற்கை வளப் பாதுகாப்புக் குழு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு ஆகிய இரு அமைப்புகளும், எச்ச வரம்புகள், அதாவது உணவில் இம்மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கலாம் என்று அனுமதிக்கும் அளவுகள், அனைத்தையும் நீக்கக் கோரி முகமையிடம் மனு கொடுத்தது 2007 செப்டம்பரில். எச்ச வரம்பு நீங்கினால் அந்தப் பயிரில் மருந்தைப் பயன்படுத்தவே முடியாது என்பதால் இது முழுத் தடைக்கு நிகரான கோரிக்கை. முகமை ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லவில்லை. நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2015 அக்டோபரில் வரம்புகளை நீக்கப் போவதாக முன்மொழிந்தது. 2016இல் வந்த அதன் சொந்த மதிப்பீடும் அதையே வலுப்படுத்தியது. 2017 மார்ச்சில், ஆட்சி மாறி முகமையின் தலைவராகப் பொறுப்புக்கு வந்த ஸ்காட் புரூயிட் மனுவை நிராகரித்தார். அறிவியல் இன்னும் தீராத கேள்வியாக இருக்கிறது என்று அவர் காரணம் சொன்னார். கவனியுங்கள், மருந்து பாதுகாப்பானது என்று அந்த ஆணை எங்கும் முடிவு சொல்லவில்லை. பாதுகாப்பானது என்று கண்டால் மட்டுமே வரம்பை வைத்திருக்கலாம் என்கிற சட்டத்தின் கீழ், தெரியவில்லை என்று சொல்லியே வரம்பை வைத்துக்கொண்டார்கள்.

2021 ஏப்ரலில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் உடைத்துச் சொன்னது. குளோர்பைரிபாஸின் தீய விளைவுகளுக்கான சான்றுகளை ஒரு பத்தாண்டுக்கு மேலாகத் திரட்டிய முகமையே, தன் சட்டக் கடமையை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமத உத்திகளைக் கையாண்டு தட்டிக்கழித்துவந்தது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கண்டித்தது. மனு கொடுத்தபோது கருவில் இருந்த குழந்தைகள் அந்தத் தீர்ப்பு வந்தபோது பதின்மூன்று வயதைத் தொட்டிருந்தார்கள்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொலம்பியா ஆய்வின் எண்களை நேரடியாக வைத்து வரம்பு கணக்கிட முகமை முயன்றபோது, 2016இல் அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்தவர்களே தயங்கினார்கள். பிறப்பின்போது ஒரே ஒருமுறை அளந்த இரத்த அளவை வைத்துக் கர்ப்பகாலம் முழுவதும் உடலில் சேர்ந்ததைக் கணிக்க முடியுமா என்பது அவர்களுடைய தயக்கங்களில் ஒன்று. குழந்தைகளின் அந்தரங்கம் கருதிப் பல்கலைக்கழகம் மூலத்தரவை முழுமையாகக் கையளிக்கவில்லை என்பதும் பெரிய சர்ச்சையானது. இவை நேர்மையான கேள்விகள். ஆனால் எண் துல்லியமாகத் தெரியவில்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. அளவு உறுதியாகாத நிலையில் குழந்தைகளுக்கான பத்து மடங்கைச் சேர்க்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது.

மூலத்தரவைப் பற்றிய கண்டிப்பு இரு பக்கமும் ஒரே அளவில் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். மூளை வளர்ச்சிக்கு ஆபத்தில்லை என்று காட்ட உற்பத்தியாளர் தரப்பு சமர்ப்பித்தது 1998ஆம் ஆண்டு எலிச் சோதனை. அதன் மூலத்தரவைப் பெற்று ஆக்சல் மீ, கிறிஸ்டினா ரூடென், பிலிப் கிராண்ட்ஜான் ஆகியோர் 2018இல் மறுபடி பார்த்தபோது, கொடுக்கப்பட்டவற்றிலேயே மிகக் குறைந்த அளவிலும் எலிக்குட்டிகளின் சிறுமூளை அளவுகளில் மாற்றம் இருந்தது. சோதனையின் முடிவுரையில் அது இடம்பெறவில்லை. இத்தனைக்கும் அந்தச் சோதனை ஒழுங்குமுறை அலுவலர்களின் மேசையில் இருபது ஆண்டுகள் இருந்தது. 2019 ஆகஸ்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த அம்சத்தையும், மரபணுவைச் சிதைக்கக்கூடுமா என்ற தீராத ஐயத்தையும் கருத்தில் கொண்டு, பாதுகாப்பான அளவு என்று எதையும் நிர்ணயிக்க இயலாது என்று அறிவித்தது. 2020 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அமெரிக்காவில் மருந்தைக் காப்பாற்றிய அதே 'தெரியவில்லை', ஐரோப்பாவில் அதன் அனுமதியை முடித்துவைத்தது.

இந்த விவாதம் முழுவதிலும் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர்கள் மருந்தைத் தெளிப்பவர்களும், தெளித்த வயலுக்குள் மறுநாள் இறங்கி வேலை செய்பவர்களும்தான். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு அடிப்படைக் காரணம் இருக்கிறது. உணவில் உள்ள எச்சத்தை ஆளும் சட்டம், தீங்கில்லை என்ற நியாயமான உறுதியைக் கேட்கிறது. விவசாயத்துக்கு எவ்வளவு இலாபம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தொழிலாளருக்கு ஏற்படும் ஆபத்தோ பூச்சிக்கொல்லிப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே ஆபத்தையும் பொருளாதாரப் பயனையும் எடைபோட்டுப் பார்க்கலாம். ஆக, ஆப்பிளைத் தின்பவரின் உடலுக்கு ஒரு நீதி, அந்த ஆப்பிளைப் பறிப்பவரின் உடலுக்கு வேறொரு நீதி. தொழிலாளிக்கான கணக்கிலும் கையுறை, சுவாசக் கவசம், மூடிய இயந்திர அறை ஆகியவை இருப்பதாக எடுத்துக்கொண்டு 'ஏற்கத்தக்கது' என்று எழுத முடிகிறது. கடும் வெயிலில் அந்தக் கவசத்தோடு நாள் முழுவதும் வேலை செய்ய முடியுமா, கிழிந்த கையுறைக்கு மாற்றுக் கையுறை தரப்பட்டதா என்பதையெல்லாம் எந்தச் சமன்பாடும் கேட்பதில்லை.

நீதிமன்ற உத்தரவின்படி 2021 ஆகஸ்டில் முகமை எல்லா உணவு எச்ச வரம்புகளையும் நீக்கியது. 2022 பிப்ரவரி இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. விவசாய அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. 2023 நவம்பரில் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை இரத்து செய்தது. பாதுகாப்பாகத் தொடரக்கூடும் என்று முகமையே 2020 டிசம்பரில் குறிப்பிட்டிருந்த 11 பயிர்ப் பயன்பாடுகளைத் தனியே பரிசீலிக்காமல் அனைத்தையும் நீக்கியது தவறு என்பது அதன் காரணம். விளைவாக வரம்புகள் மீண்டும் உயிர்பெற்றன. 2024 டிசம்பரில், ஆப்பிள், பருத்தி, சோயா, கோதுமை, எலுமிச்சை இனப் பழங்கள் உள்ளிட்ட அந்த 11ஐ விட்டுவிட்டு மற்றவற்றின் வரம்புகளை நீக்கும் புதிய முன்மொழிவு வந்தது. இதற்கிடையே ஹவாய் மாநிலம் இம்மருந்தைத் தடைசெய்ய 2018இலேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. கலிபோர்னியாவில் 2020 இறுதியோடு ஏறத்தாழ எல்லாப் பயன்பாடும் நின்றது. டௌவின் வேளாண் வணிகத்துக்கு வாரிசான கோர்ட்டேவா நிறுவனம் உற்பத்தியையே கைவிட்டது. 2025இல், நெடுங்காலம் சிதையாமல் நிலைக்கும் நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள், சில குறிப்பிட்ட விலக்குகளோடு, ஒழிக்கப்பட வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் குளோர்பைரிபாஸைச் சேர்த்தன.

மறுஆய்வு அவசரப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல ஆய்வுக்குக் காலம் வேண்டும், மாற்று வழியில்லாத பயிரை வைத்திருக்கும் விவசாயிக்கும் அவகாசம் வேண்டும். நான் கேட்பது, மூளை வளர்ச்சியைப் பற்றிய சந்தேகம் முகமையின் சொந்த விஞ்ஞானிகளாலேயே எழுத்தில் பதிவான பிறகு, ஆய்வு நடக்கும் காலத்தில் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட வேண்டும் என்பதுதான். சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. டிசிபிஏ என்ற களைக்கொல்லி, கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு சுரப்பைப் பாதிக்கும் என்று கண்டதும் 2024 ஆகஸ்டில் முகமை அவசர இடைநிறுத்த ஆணை பிறப்பித்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகளில் இந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை. அங்கேயும் முகமை கேட்ட தைராய்டு ஆய்வை உற்பத்தியாளர் ஆண்டுக்கணக்கில் கொடுக்காமல் இழுத்தடித்த பிறகுதான் ஆணை வந்தது என்றாலும், வந்தது என்பதே, குளோர்பைரிபாஸ் விஷயத்தில் வழி இல்லாமல் போகவில்லை என்பதற்குச் சான்று.

இப்போதைய பதிவு மறுஆய்வை முடிக்கச் சட்டம் விதித்திருக்கும் கெடு 2026 அக்டோபர் 1. இறுதி ஆவணத்தில் நான் முதலில் தேடப் போவது, அந்த 11 பயிர்களுக்கான கணக்கில் குழந்தைகளுக்குரிய பத்து மடங்கு முழுதாக நிற்கிறதா, ஒரே மடங்காகச் சுருக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், சுருக்கப்பட்டிருந்தால் எந்தத் தரவின் பேரில் என்பதையும்தான்.