"ஒன்லி" நிற்கும் இடம்

அப்போது நான் பத்தாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஆங்கிலப் பாடம். மாஸ்டர் கரும்பலகையில் "ஐ சோ ஹிம் யெஸ்ரடே" என்று எழுதினார். பிறகு ஒரு மட்டைத் துண்டில் "ஒன்லி" என்று எழுதி முன்வாங்குப் பெடியன் ஒருவனிடம் கொடுத்தார்.

"கொண்டுபோய் விரும்பின இடத்திலை பிடி. பிடிச்சிட்டுத் தமிழிலை சொல்லு."

'ஐ'க்கு முன்னால் பிடித்தான்: "நான் மட்டும்தான் அவரை நேற்றுக் கண்டனான்." மட்டை 'சோ'வுக்கு முன்னால் போனது: "கண்டது மட்டும்தான், கதைக்கேல்லை." 'ஹிம்'முக்கு முன்னால்: "அவரை மட்டும்தான் கண்டனான்." கடைசியாக 'யெஸ்ரடே'க்கு முன்னால்: "நேற்றுத்தான் கண்டனான்."

ஒரு சொல் நாலு இடத்தில் நின்று நாலு செய்தி சொன்னது. தமிழில் 'தான்' எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதோடேயே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்து 'ஒன்லி'க்கு அப்படி ஒட்டும் குணம் இல்லை. பேச்சில் அழுத்தம் கொடுத்துச் சமாளிக்கலாம். கடிதத்தில் குரல் போகாது என்பதால் சொல்லை வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும் என்றார் மாஸ்டர்.

ஆனால் அவர் சட்டம் பேசுகிற மனிதர் அல்ல. ஹென்றி ஃபவுலர் 1926இல் வெளியிட்ட ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி அவருடைய மேசையில் எப்போதும் இருக்கும். ஃபவுலரும் பதினேழு வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான் என்று பெருமையோடு சொல்லுவார். "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" (ஒரு கிழமைக்கு முன்தான் செத்தவர்) என்ற வசனத்தில் 'ஒன்லி' நிற்கும் இடம் பிழை என்றவர்களோடு ஃபவுலர் மல்லுக்கட்டியிருக்கிறார். ஒருவரும் பிழையாக விளங்கப்போவதில்லை என்றால் பேச்சுவழக்கை அப்படியே விடலாம் என்பது அவருடைய கட்சி. வாசிக்கிறவர் தடுமாறுவாரா என்பதுதான் கேள்வி. இலக்கணப் புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கேள்வியே இல்லை என்பது இன்றும் என் மனக்குறை.

'பை', 'ரில்' என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் மாஸ்டர் எங்கள் யாழ்ப்பாணத் தமிழை வைத்தே தீர்த்துவைத்தார். "வெள்ளிக்கிழமை மட்டும் நிப்பன்", அதாவது வெள்ளிக்கிழமை வரைக்கும் நிற்பேன் என்றால் 'ரில்'. "வெள்ளிக்கிழமைக்குள்ளை தருவன்" என்றால் 'பை'. அதன் பிறகு எனக்கு அந்த இடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு உள்ளூராட்சி அலுவலகத்தின் வீட்டுப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். அரசாங்கக் கடிதங்கள் தெளிவாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. திறைசேரி கேட்டுக்கொண்டதன் பேரில் ஏர்னெஸ்ட் கவர்ஸ் அதற்கென்றே 1948இல் ஒரு கைநூல் எழுதியிருந்தார். 1979இல் கிறிஸ்ஸி மாஹெர் என்ற பெண்மணி விளங்காத அரசாங்கப் படிவங்களை பாராளுமன்றச் சதுக்கத்தில் கிழித்து எறிந்து ஒரு இயக்கத்தையே தொடங்கியிருந்தார். ஆனாலும் எங்கள் அலுவலகக் கடிதம் பழைய கடிதம்தான்: "ஃபெயிலியர் ரு ஃபேர்னிஷ் த அஃபோர்மென்ஷன்ட் டொக்கியுமென்ற்..." (மேற்சொன்ன ஆவணத்தைத் தரத் தவறினால்...)

ஒருநாள் எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்தார். எட்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். 'ஃபேர்னிஷ்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு.

"தம்பி, வீட்டிலை தளபாடம் காணாது எண்டே எழுதியிருக்கினம்? கட்டிலும் ரெண்டு கதிரையும் கிடக்கு. இன்னும் வாங்கவேணுமே?"

'ஃபேர்னிஷ்' என்றால் கொடுப்பது என்றும் பொருள், வீட்டுக்குத் தளபாடம் போடுவது என்றும் பொருள். அவரிடம் கேட்டிருந்தது வாடகைப் புத்தகம் ஒன்றைத்தான். கடைசித் தேதி கழிந்து ஒன்பது நாள். அவருக்கு வரவேண்டிய உதவிப்பணமும் நின்றுபோயிருந்தது. அவருடைய ஆங்கிலத்தில் குறை இல்லை. அகராதியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகத் தேடி வாசித்திருக்கிறார். அவரை அந்தப் பாடு படுத்திய வசனத்தில்தான் குறை.

அன்றிரவு வீட்டில் இருந்து அந்தக் கடிதத்தைத் திருப்பி எழுதினேன். "ப்ளீஸ் பிறிங் அஸ் யுவர் றென்ற் புக் பை ஃப்றைடே 12 ஜூன்." யார் கொண்டுவரவேண்டும், எதை, யாரிடம், எந்த நாளுக்குள் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தன. 'பை' எழுதும்போது "வெள்ளிக்கிழமைக்குள்ளை" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மேலதிகாரி இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். அந்த அம்மாவுக்கும் புதுக் கடிதம் போனது.

1987 நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். பழைய வசனத்தையும் புதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மாஸ்டருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டுச் சுகம் விசாரித்துவிட்டுக் கீழே தமிழில் எழுதியிருந்தார்: "அந்த அம்மா புத்தகத்தைக் கொண்டுவந்தவவோ?"

வியாழக்கிழமையே கொண்டுவந்துவிட்டார் என்று பதில் எழுதினேன்.